நாற்பத்தியோராம் போத்தல்

கசப்பைச் செய்வதுதான் கஷ்டமாக இருந்தது.
மருந்து எளிது:
கொத்தமல்லி, பற்படாகம், கண்டங்கத்தரி,
இஞ்சி, மரமஞ்சள்;
எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்றினால் சரி.
மருந்தில்லாத மருந்தை
யாருக்குக் காய்ச்சத் தெரியும்?

அதே நிறம் வேண்டும், அதே கலங்கல்,
நாக்கின் அடியில் அதே கீறல்.
உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது.
டொக்டர் சோமலதா மூன்று நாள் யோசித்தார்.
சீனியைக் கருக்கிப் போட்டார். இனித்தது.
பாகல் சாறு என்றேன்.
அதுவும் மருந்துதானே என்றார்.
கடைசியில் பெக்டரி வாசலில்
விலைபோகாமல் கிடந்த டஸ்ட்டை அள்ளிவந்து
இரண்டு மணிநேரம் கொதிக்கவிட்டோம்.
கறுத்தது. கசந்தது.
போதும் என்றார்.
லிந்துலைக்கு மேலே, அந்த மலையில்,
ஒன்றுமில்லை என்பதற்குத்
தேயிலை என்று பேராயிற்று அன்று.

பிள்ளைக்காம்பராவின் தொட்டில் கயிறுகளை
வளைமரத்தில் சுருட்டிக் கட்டிவிட்டு
இருபத்திரண்டு கட்டில் போட்டிருந்தார்கள்.
எந்தப் போத்தலில் எது என்று
எனக்குத் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது,
கொழும்பில் பூட்டிய பெட்டிக்குள்
ஒரு கடதாசிக்குத் தெரியும்.

என் வேலை எழுதுவது.
காய்ச்சல் எத்தனை. இருமல் எத்தனை.
விரலில் கிளிப் மாட்டினால் விழும் எண்.
கொழுந்துக் கறை ஏறிய விரல்களில்
மெஷின் தடுமாறும்;
எலுமிச்சைத் தோலால் தேய்த்து மறுபடி மாட்டுவேன்.
அப்புறம் கற்பூரத் துண்டை மூக்கருகே பிடித்து
மணம் தெரிகிறதா என்பேன்.
"இல்ல தம்பி, வெறுங் காத்து."

ஆகவே யாருக்கும் பிடிபடவில்லை.
பிறந்ததிலிருந்து தேயிலைக்குள் நின்றவர்கள்
தேயிலையைக் குடித்துவிட்டு
கசாயம் சுள்ளுன்னு இருக்கு என்றார்கள்.

ஆறாம் நாள் காலை. ஜன்னல்வரை பனிமூட்டம்.
நாற்பத்தியோராம் போத்தல், யோகமலர், மேல்கணக்கு.
மூடியைத் திறந்தவள் குடிக்கவில்லை.
முகர்ந்தாள். தள்ளிவைத்தாள். மறுபடி முகர்ந்தாள்.
"இது நம்ம டஸ்ட்டு.
வாட்டினது பத்தல."
பிறகு, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல்:
"இதுக்கா ஆறு நாளா
கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சேன்?"
சிரித்தாள். சிரிப்பில் இருமல் இல்லை.

மணம் திரும்பிய நாள்: ஆறு.
எழுதினேன்.
கீழே இன்னொரு கட்டம்:
குடிப்பது எதுவென்று அறிந்துகொண்டாரா?
அறிந்தவர் ஆய்விலிருந்து நீக்கப்படுவார்.

இரண்டில் ஒன்று கிடைக்கும் என்று
பத்திரத்தை அவளுக்கு வாசித்தது நான்தான்.
தலையாட்டிக் கையெழுத்திட்டாள்.
இரண்டுமே மருந்து என்று கேட்டிருக்கிறாள்.
அப்படிக் கேட்கட்டும் என்றுதான்
அவசரமாக வாசித்தேனோ என்னவோ.

"செபமாலை குடிக்கிறது மருந்தா?"
"தெரியாது."
"ஒனக்குமா?"
"தெரியக் கூடாது."
"நல்ல வேல," என்றாள்.
பிறகு போத்தலை எடுத்து
ஒரே மடக்காகக் குடித்தாள்.
"யாரு பறிச்சதோ. கொட்டுவானேன்."

ஏழு வாரம் கழித்துப் பெட்டி திறந்தது.
மருந்து குடித்தவர்களுக்குக் காய்ச்சல்
அரை நாள் முந்தி இறங்கியிருந்தது.
அந்த அரை நாள்
தற்செயலாகவும் இருக்கலாம் என்றது கணக்கு.
நள்ளிரவில் லொறியேற்றி நுவரெலியாவுக்கு அனுப்பி
திரும்பி வராத சந்தனசாமியின் போத்தலில்
ஐந்து மூலிகையும் இருந்தன.
யோகமலர் எந்தக் கணக்கிலும் இல்லை.
அந்தக் கட்டத்தில் ஆம் என்று போட்டது
என் பேனா.

கோப்புகளைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது
தராசடியில் நின்றாள், கூடை நிறைய.
ஒரு கொழுந்தைக் கிள்ளி,
உள்ளங்கையில் கசக்கி,
என் மூக்கருகே நீட்டினாள்.
"தெரியுதா?"

காலையிலிருந்து தொண்டை கரகரத்தது எனக்கு.
இழுத்து முகர்ந்தேன்.
மழை. ஈரம். வெறுங் காத்து.
"இல்ல."

"எழுதிக்க," என்றாள்.